மோகன் குளித்த கதை

வல்லக்கோட்டை,
12.9.1991

பெங்களூரில் உனக்கு இடம் கொடுத்த ரத்னாம்மா வீட்டை ஆண்டுகொண்டிருக்கும் மகாராணி எழிலரசிக்கு, உன் தாய்மாமன் திருமலை ஏழு உலகமும் கேட்கும்படி எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். உன் அம்மா செங்கமலம் மட்டும் முழங்கால் வலிக்காகப் பிரம்மதேவனையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

நீ கேட்டபடி மோகனைப் பார்க்கச் சுங்குவார்சத்திரம் போனேன். பஸ் நெரிசலில் என் வலது கால் என்னோடு வந்ததா என்று இறங்கின பிறகுதான் தெரிந்தது. பெண்ணாக மாறும் ஆபரேஷன் ஆகும்வரை என் உடம்பைப் பார்க்க எனக்கே கூசுகிறது, இதைத் தொட யாருக்குப் பிடிக்கும், அவரை என்னை மறந்துவிடச் சொல்லுங்கள் மாமா என்று எழுதியிருந்தாய். படித்ததும் என் காது சிவந்த சிவப்பில் ஊருக்கே வெளிச்சம். ஆனாலும் தாய்மாமன் போகாமல் வேறு யார் போவது?

வேலை பார்க்கும் லாரிப் பட்டறைக்குப் பின்னால், தொட்டியடியில் குளித்துக்கொண்டிருந்தான் உன் காதலன். முதலில் மண்ணெண்ணெய், அப்புறம் சீயக்காய், அதற்குமேல் இரண்டு வகை வாசனை சோப்பு. அந்தத் தேய்ப்புக்கு யானையே வெள்ளையாகியிருக்கும். உள்ளங்கைத் தோல் உரிந்து கிடந்தது. நீ சொன்னதைச் சொன்னேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“என் மேல அடிக்கிற கிரீஸ் நாத்தம் தாங்காமத்தான் எழில் தள்ளித் தள்ளிப் போவுதுன்னு நெனச்சிகினு இருந்தேன் மாமா” என்றான்.

அவன் தன் உடம்பை நொந்துகொண்டிருக்கிறான், நீ உன் உடம்பை. இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி உதைக்க வேண்டும்.

பிறகு நிதானமாகப் பேசினான். ஆபரேஷன் செய்துகொள்வதும் விடுவதும் உன் இஷ்டமாம். செய்துகொண்டால் ஆஸ்பத்திரி வாசலில் அவன் நிற்பானாம். அதுவரை எது பிடிக்கிறது, எது கூசுகிறது என்று நீ சொன்னால் போதுமாம். அதைத் தாண்டி ஒரு விரலும் நகராதாம்.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பையனாகப் பெற்று வளர்த்த பழக்கத்தில் எழிலரசி என்ற பெயர் அவள் வாயில் இன்னும் வரவில்லை. ஆனால் குளித்த கதைக்கு வெகுநேரம் சிரித்தாள். அப்புறம், “அந்தப் புள்ள கைக்குத் தேங்காண்ணெ தடவிக்கச் சொல்லு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அங்கே வருகிறான். இனி உங்கள் விஷயத்தை நீங்களே பேசிக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் அதையும் நீயே அவன் முகத்தைப் பார்த்துச் சொல். ஆனால் உன்னைத் தொட யாருக்கும் பிடிக்காது என்று மட்டும் இனிமேல் எழுதாதே, கண்ணு. அந்த ஒரு வரியைத்தான் இந்த மாமனால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை.

நன்றாக இரு.

உன் தாய்மாமன்,
திருமலை