சிலிண்டருக்குப் பின்னாடி இருந்த கடலை மிட்டாய்

எழில் அப்பாவுக்கு,

பௌர்ணமிக் கூட்டம்னு ஓட்டல்ல சீக்கிரமே வரச் சொல்லிட்டாங்க. நீங்க தூங்கறீங்க, எழுப்ப மனசு வரல. சாம்பாரும் அவரைக்காய்ப் பொரியலும் மூடி வெச்சிருக்கேன். நேரத்துக்குச் சாப்பிட்டுடுங்க. வயிறு காஞ்சா குடி நெனப்பு ஜாஸ்தியாகும்னு டாக்டர் சொன்னாரில்ல.

சாயந்திரம் உங்க கூட்டாளி பிரகாஷ் கிரிவலம் போலாம்னு வந்து நிப்பான். போகாதீங்க. போன தடவை பாதி மலைகூட சுத்தாம எங்க போய் உக்காந்தீங்கன்னு எனக்குத் தெரியும். வண்டி சாவியை நான் எடுத்துட்டுப் போறேன். திட்டணும்னா வந்தப்புறம் திட்டிக்குங்க.

நேத்து பிள்ளை எதிர்லயே உங்களை வாயை ஊதச் சொன்னது தப்புதான். வெல்ல வாசனைதான் வந்துச்சு. குடியை விட்டதுலேருந்து நாக்கு இனிப்பு கேக்குதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?

மணிமொழி

மறந்துட்டேன். மிட்டாயை டிவி பக்கத்துல டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். எத்தனை வேணா தின்னுங்க, நான் எண்ண மாட்டேன். ஒளிச்சு மட்டும் வெக்காதீங்க. முன்னாடி பாட்டில் வெச்ச அதே சிலிண்டருக்குப் பின்னாடி நேத்து கை விட்டப்ப, மிட்டாய்னு தெரியறதுக்குள்ள என் ஈரக்குலையே நடுங்கிடுச்சு.