சுவரில் இரண்டு கோடு

மார்ச் 24, திங்கள்

வில்ஃபி, தண்ணீர் வடிந்துவிட்டது. உன்னைப் புதைத்தும் ஆயிற்று. ஊருக்கெல்லாம் குழி வெட்டிய உனக்கு வேறு யாரோ வெட்டினார்கள். ஓரம்கூட நேராக இல்லை.

நீ கிளம்பும்போது தெருவில் முழங்கால் தண்ணீர்தான். வெள்ளம் எந்த மட்டம்வரை ஏறுகிறதோ அங்கே வேதக் கோயில் வாசல் சுவரில் கோடு கிழிக்க வேண்டும், அது உன் குடும்பத்து வேலை, இல்லையென்று சொல்லவில்லை. ஆணியை எடுத்துக்கொண்டு போனாய். ஆறு உன்னை ஆலைப் பக்கம் கொண்டு போட்டது. எப்படி? எனக்குப் புரியவில்லை.

மதுக்கடை டோவியம்மா சொல்லிக்கொண்டு திரிகிறாளாம்: "ரெண்டு குவளை ஏத்திக்கிட்டுத்தான் போனாரு. கோயில் வரைக்கும் போயிருக்கவே மாட்டாரு."

அப்படியா?

மார்ச் 25

இன்றும் இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றிவிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

கோயிலைக் கழுவப் பெண்கள் எல்லோரும் போனோம். வாசல் சுவர் எனக்கு. சேற்றைப் பார்த்ததும் கோபம் வந்தது — உன்னைக் கொண்டுபோன சேறுதானே. மளமளவென்று தண்ணீரை அடித்து ஊற்றினேன்.

கோயில் பொறுப்பாளர் போகாக் ஓடி வந்தார்.

"ஏம்மா மேபல், என்ன காரியம் பண்ணிட்ட! வில்ஃப் கோடு போடலியே, அந்தச் சேத்துத் தடத்த வெச்சுத்தான் வெட்டலாம்னு இருந்தோம். இப்ப அதுவும் போச்சு."

எல்லோரும் பார்த்தார்கள். வாளியை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். கோடு இல்லையென்றால் டோவி சொன்னதுதான் நிஜமா? கோயிலுக்கே போகாமல் குடித்துவிட்டு விழுந்தாயா? என்னத்தை நினைக்கிறது?

மார்ச் 28

வாளியை எடுக்கப் போனேன். சுவர் காய்ந்து வெளுத்திருந்தது. ஏற்கெனவே வெட்டியிருந்த தொண்ணூற்று நான்காம் வருட வெள்ளக் கோட்டுக்குக் கீழே ஆணிக் கீறல். நுனியில் கொக்கி, அவரைக் கம்புகளில் அடையாளத்துக்கு நீ கீறுவாயே, அதே கொக்கி.

அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு சாண் மேலே, பழைய கோட்டையும் ஒரு விரல் தாண்டி, இன்னொன்று. அதிலும் கொக்கி.

டோவியை இழுத்து வந்து காட்டினேன். விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"குடிச்ச கை இவ்ளோ நேரா இழுக்காது" என்றாள். மேல் கோட்டையும் தொட்டுவிட்டு, "ரெண்டு எதுக்கு மேபல்?"

எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

ஏப்ரல் 5, சனி

கொத்தன் வந்து மேல் கோட்டில் உளி வைத்தான், வருடத்தையும் வெட்டினான். ஊர் பார்த்ததிலேயே பெரிய வெள்ளம் இதுதான் என்று போகாக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார். டோவி என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"கீழ இருக்கறதத் தேய்ச்சிரட்டுமாக்கா?" என்றான் கொத்தன்.

வேண்டாம் என்றேன்.

எல்லோரும் போன பிறகு கீழ்க் கோட்டோடு ஒட்டி நின்று பார்த்தேன். எனக்கே மார்புக்குக் கீழேதான். உனக்கு இடுப்பு. தண்ணீர் அந்த மட்டத்தில் இருந்தபோதே நீ நடந்து வந்திருக்கலாம். அன்று வீட்டில் அடுப்பில் வெங்காய சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

வில்ஃபி, முதல் கோடு போட்டதுமே ஏன் நீ வீட்டுக்குக் கிளம்பவில்லை?