துட்டிக்குப் போகாத மாலை

அண்ணாச்சி,

இன்று காலை சிவகாசிப் பூக்கடைப் பக்கம் காரை நிறுத்தினேன். சம்பங்கி வாசனை உள்ளே வந்ததும் சட்டென்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன். பூ வாசனைக்குப் பயப்படுகிற வக்கீல் இந்த ஊரில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

அன்றைக்கு அந்த வாசனையோடுதான் என் ஆபீசுக்குள் வந்தீர்கள். நாரணாபுரத்தில் உங்கள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்து, அங்கே வேலை பார்த்த ஏழாயிரம்பண்ணைக் கருப்பசாமி இறந்த மறுநாள். கையில் சாவு வீட்டுக்கென்று வாழையிலையில் சுற்றிய மாலை.

"ஏழாயிரம்பண்ணைக்குத் துட்டி கேக்கப் போறேன், வக்கீலு. ஒங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"கிறுக்கு புடிச்சிருக்கா, அண்ணாச்சி? நீங்க மாலையோட நிக்கிறதை எவனாவது போட்டோ எடுத்தாப் போதும், தப்பை ஒத்துக்கிட்டதா ஆயிரும். மொதல்ல கேசு முடியட்டும்."

"நம்மகிட்ட வேலை பாத்தவன்யா. மொகத்தைக்கூடப் பாக்காம எப்பிடி?"

நான் அசையவில்லை. மாலையை என் மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். அதை என்ன செய்வது? செத்தவனுக்கு வாங்கிய மாலையைச் சாமி படத்துக்குப் போட முடியுமா? குப்பையில் எறியவும் கை வரவில்லை. ஃபைல்களுக்கு நடுவிலேயே கிடந்து காய்ந்தது.

வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. உரிமம், கழிவு, அறைகளுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளி என்று மூச்சு முட்ட வாதாடிக் கம்பெனியைத் திறக்க வைத்தேன். முதலாளிகள் கூடி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நீங்கள் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "கேசு முடிஞ்சிருச்சுல்ல, இப்பவாவது போயிட்டு வரட்டா?" என்றீர்கள். "இம்புட்டு நாள் கழிச்சா துட்டி கேப்பாக?" என்று சிரித்தேன். சிரித்தேன், அண்ணாச்சி! நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

போன மாதம் உங்கள் வீட்டுத் துட்டிக்குக் கருப்பசாமியின் மனைவி முத்துமாரி பஸ் ஏறி வந்திருந்தாள். பெண்களோடு உட்கார்ந்து அழுதுவிட்டுப் புறப்படும்போது என்னிடம் சொன்னாள்:

"அன்னைக்கு மொதலாளி வருவாகன்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தோம்யா. நம்மளையெல்லாம் ஒரு ஆளா நெனைக்கலைபோலன்னு விட்டுட்டோம். இருந்தாலும் மனசு கேக்கலை, வந்துட்டேன்."

உங்களைத் தடுத்தது நான்தான் என்று சொல்லாமல், பழியை உங்கள் மேலேயே விட்டுவிட்டு, செருப்பைத் தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டேன். நீங்கள் உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தீர்கள். அப்போதுகூட வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். நானெல்லாம் என்ன மனுசன்!

அதனால்தான் இன்று ஏற்றிய கண்ணாடியை இறக்கினேன். ஒரு சம்பங்கி மாலை கட்டச்சொல்லி வாங்கிக்கொண்டு ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். கதவைத் திறந்த முத்துமாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அன்னைக்கே அண்ணாச்சி ஒங்க வீட்டுக்குன்னு இப்பிடி ஒரு மாலை வாங்கினாரும்மா. கெளம்பி வந்தவரைப் போகவிடாமத் தடுத்தது நான்தான்" என்றேன்.

"அப்ப, வரணும்னு கெளம்பினாகளா?"

"கெளம்பினாரும்மா."

மாலையை வாங்கிக் கருப்பசாமியின் படத்துக்குப் போட்டாள். "இந்தா பாருங்க, மொதலாளி வந்திருக்காக" என்று படத்திடம் சொன்னாள்.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அண்ணாச்சி. இருந்து காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். குடித்தேன். அந்தக் காப்பி இன்னும் இறங்காமல் நெஞ்சிலேயே நிற்கிறது.