தலைச்சனுக்குப் போகும் பால்

ஆகஸ்ட் 19, 2024

பாப்பா பிறந்து பதினெட்டு நாள். விடாத மழை. அம்மா போன பிறகு இந்த மலையில் எனக்குத் தாய்வீடு என்றால் அக்கா கண்ணாயியின் வீடுதான்.

தூத்துக்குடி ஆய்வுக்கூடத்திலிருந்து தஸ்னீம் ஓர் அட்டவணை அனுப்பியிருந்தாள். மார்ச்சில் செத்துக் கரையொதுங்கிய ஓங்கில் குட்டியை, டால்பின் குட்டியை, நானும் அவளும் சேர்ந்துதான் அறுத்தோம். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். வளர்ந்த பெண் ஓங்கில்களில் நாங்கள் பார்த்ததைவிட அந்தக் குட்டியின் கொழுப்பில் நஞ்சு அதிகம்.

இதில் புதிது ஒன்றுமில்லை. பூச்சிமருந்தும் ஆலைக்கழிவும் கொழுப்பில்தான் தங்கும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், அவற்றைத் தின்னும் சாளை மீன், சாளையைத் தின்னும் ஓங்கில் என்று ஏற ஏறக் கூடும். ஆண் சாகும்வரை சுமக்கும். பெண்ணுக்கு மட்டும் இறக்கி வைக்க ஒரு வழி உண்டு. பால். பல வருடம் சேர்ந்ததில் பெரும்பங்கு தலைச்சன் குட்டிக்கே போய்விடும்.

ஆறு வருடமாக அதே சாளையைத்தானே நானும் தின்றேன்?

ஆகஸ்ட் 20

இன்று பால் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 23

பவுடர் பால் ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததெல்லாம் கக்குகிறாள். எனக்கு மார் கட்டிப்போய் வலி. பிழிந்து மண்ணில் விட்டேன். அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏங் கண்ணு, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? புள்ள அங்க கத்திட்டுக் கெடக்குது, நீ பாலை மண்ணுல பீச்சற?"

"பால்ல விசம் இருக்குக்கா."

காய்ச்சலோ என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 26

பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை போட்டார்கள். இரண்டு கிலோ அறுநூறு. பிறந்தபோது இருந்ததைவிட முந்நூறு கிராம் குறைவு. நர்சம்மா தாய்ப்பாலைப் பற்றிச் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். பாலில் எது கலந்திருந்தாலும் தாய்ப்பால் கொடுப்பதே நல்லது என்று நானே மேடையில் பேசியிருக்கிறேன். தெரிந்து என்ன? அந்தக் குட்டியின் இரைப்பையில் திரண்டு கிடந்த பாலை இந்தக் கையால்தானே வழித்தேன்.

கொடுத்தாலும் கொல்கிறேன், கொடுக்காவிட்டாலும் கொல்கிறேன். என்னதான் பண்றது நான்?

ஆகஸ்ட் 28

குளித்துவிட்டு வந்தால் பாப்பா அக்காவின் மாரில். அக்கா மகளுக்கு ஒரு வயது, இன்னும் பால்குடி மறக்கவில்லை. அவள் தன் பங்கு போய்விட்டதே என்று பக்கத்தில் நின்று முழித்துக்கொண்டிருந்தாள்.

பிடுங்கிவிடத்தான் போனேன்.

"குடிக்கட்டும், உடு" என்றாள் அக்கா.

சுவரில் சாய்ந்து அழுதேன். அக்கா இந்த மலையைவிட்டு எங்கே போயிருக்கிறாள்? கடல்மீனையே கண்டதில்லை. அவள் பால் சுத்தம். என் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

ஆகஸ்ட் 31

கணவர் யுவராஜ் வந்தார். ஐஸ் பெட்டியில் தஸ்னீமுக்கு இரண்டு குப்பி கொடுத்தனுப்பினேன். ஒன்றில் என் பால், இன்னொன்றில் அக்காவுடையது. கெட்டதை அளக்க நல்லது ஒன்று பக்கத்தில் வேண்டுமே.

செப்டம்பர் 9

தஸ்னீம் கூப்பிட்டாள்.

"ரெண்டுலயும் இருக்கு அருணா. பூச்சிமருந்து உன்னோடதைவிட உங்க அக்காவோடதுலதான் கூடுதல்."

"குப்பி மாறியிருக்கும்."

"மாறல. ரெண்டு தடவை பார்த்துட்டேன். நீ நிறுத்தாத, பால் குடு. கெஞ்சிக் கேக்கறேன்."

எங்கிருந்து வந்தது அக்காவுக்கு? காட்டில் வெள்ளாமைக்கு அடித்த மருந்தா, என்றோ கொசுவுக்கு வீட்டுச் சுவரில் அடித்ததா? தெரியவில்லை. இங்கே பெய்கிற மழை இறங்கிக் காவிரியில் சேர்ந்து கடலுக்குத்தான் போகிறது. நான் கடலையே குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 10

அக்காவிடம் மறைக்க மனம் வரவில்லை. மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள், பாப்பா அவள் மடியில். ஓங்கில், தலைச்சன், பால், குப்பி - எல்லாம் சொன்னேன். அவள் கையில் கத்தி நின்றது.

"அப்ப எம் மொதப் புள்ள?"

எட்டு வருடத்துக்கு முன்பு. மூன்று மாதக் குழந்தை. இரண்டு நாள் காய்ச்சல், மலையிறங்குவதற்குள் போய்விட்டது. எப்படி மறந்தேன் நான்?

"அதுக்கும் நாந்தான் குடுத்தனா கண்ணு?"

"இல்லக்கா! அது காய்ச்சல். பால் புள்ளையக் காப்பாத்தத்தான் செய்யும். பாலால ஒண்ணும் ஆகலக்கா."

"நெசமாவா? படிச்சவ நீ, சொல்லு."

"நெசமாத்தான்க்கா."

நோய் கண்டு செத்த ஓங்கில்களை நாங்கள் வெறும் நோய் என்று எழுதி முடிப்பதில்லை. நஞ்சு ஏறிய உடம்புக்கு நோயோடு போராடத் தெம்பிருக்காது. அதை அவளிடம் சொல்லவில்லை.

பாப்பா அழுதாள். அக்கா மாராப்பை விலக்கவில்லை. என்னையே பார்த்தாள். பாலால் ஒன்றும் ஆகாது என்று சொன்ன வாய் மூடுவதற்குள் பின்வாங்க முடியுமா? கை நீட்டி வாங்கி மார் கொடுத்தேன்.

செப்டம்பர் 13

பால் குறைந்துபோயிருக்கிறது. ஆனாலும் விடாமல் சப்புகிறாள்.

அக்டோபர் 4

எடை மூன்று கிலோ எழுநூறு. நர்சம்மா, "தாய்ப்பால்தானுங்களே?" என்றார். "ஆமாங்க" என்றேன். ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டேதான் கொடுக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் அக்கா மகள் வாசலில் புரண்டு அழுதுகொண்டிருந்தாள். அக்கா வேப்பிலை அரைத்து மாரில் தடவியிருந்தாள்.

"பால் மறக்கற வயசாச்சில்ல கண்ணு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.