படலைக்கு வெளியே மடித்த துவக்கு

மச்சான்,

உன் வேட்டை ஜாக்கெட்டை நேற்று உன் மனைவி என்னிடம் தந்தாள். நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய கால்சாவில் என் அறைக் கதவின் பின்னால் தொங்குகிறது. அறை முழுக்க வெடிமருந்தும் தேசியிலையின் புளிப்பும் கலந்த மணம். எனக்குக் கோபம்தான் வருகிறது. நெஞ்சு நோகிறது என்றுகூடச் சொல்லாமல், இப்படியா போவாய்? எவர் வீட்டு வளவிலும் கேட்காமல் கால் வைக்காத மனிதன் நீ.

நகருக்கு வெளியே பகேரியாவில் எங்கள் முதலாளியம்மா சிஞ்ஞோராவின் தேசிக்காய்த் தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் கிண்டிப் பாழாக்கிய காலம். "சுடுங்கள், மதிலுக்கு அப்பால் மட்டும் போகாதீர்கள்" என்று அவர் சொல்லியிருந்தார். அப்பால் ஒரு கிழவரின் பாதாம் தோட்டம். எவனோ ஒரு வேட்டைக்காரன் அவருடைய நாயைச் சுட்டுவிட்டான். அதிலிருந்து துவக்கோடு யாரும் உள்ளே வரக்கூடாதென்று வாசற் படலையில் பலகை அடித்திருந்தார்.

அன்று காலை உன் வெடி பன்றியின் பின்காலில் பட்டது. அது இடிந்த மதிலைத் தாண்டிப் பாதாம் மரங்களுக்குள் விழுந்து, எழுந்து, மூசிக்கொண்டு நின்றது. அதற்கும் அப்பால் கிழவரின் முற்றம். அங்கே பேரப்பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தம் கேட்டது.

"குதியடா, போய் முடி!" என்றேன்.

நீ துவக்கை நடுவால் மடித்துத் தோட்டாக்களை வெளியே எடுத்தாய். "நீ இஞ்சை நிண்டு அதைப் பாத்துக்கொள். நான் படலையாலை போறன். முதல் பிள்ளையளை உள்ளை எடுக்கோணும்."

"உனக்கென்ன விசரே? கேட்டுக்கொண்டு நிக்கிற நேரமே இது?"

"ஊரிலை சண்டைக் காலத்திலை கேளாமல் துவக்கோடை எங்கடை வளவுக்குள்ளை வந்தவங்களை மறந்திட்டியே? அந்தப் பிள்ளையளுக்கு நாங்கள் அப்பிடித் தெரியப்படாது."

ஒழுங்கைப் பாதையால் ஓடிப்போய்ப் படலையில் நின்று கத்தினாய். பன்றி அந்தச் சத்தத்துக்குத் திரும்பியது. என் பக்கம் இழுக்க நான் மதிலிலிருந்து கல்லெறிந்தேன். கிழவர் திட்டிக்கொண்டே வந்தார். பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு உன் மடித்த துவக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அது ஒரு யுகம். கடைசியில் அவரே படலையைத் திறந்தார். தோட்டாவைத் திரும்பப் போட்டு, ஒரே வெடியில் பன்றியை முடித்தாய்.

இன்று காலை கிழவர் எனக்குப் போன் எடுத்தார். பன்றிகள் திரும்பவும் வந்துவிட்டனவாம், இரண்டு பேரும் வாருங்கள் என்றார். உன் செய்தி அவருக்குத் தெரியாது. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

படலை அகலத் திறந்துகிடந்தது. பலகையும் இல்லை. துவக்கை மடித்துக்கொண்டு வெளியே நின்று கூப்பிட்டேன். அவர் வந்து ஜாக்கெட்டைப் பார்த்தார், என் பின்னால் ஒழுங்கையைப் பார்த்தார். "மற்றவன் எங்கே?" என்றார். நான் அழுதுவிட்டேன்.

"நீயும் என்ன கேட்டுக்கொண்டு நிற்கிறாய், உள்ளே வா" என்றார். அவர் வந்து என் கையைப் பிடிக்கும்வரை நான் வெளியேதான் நின்றேன், மச்சான்.