பின்வளவுக் குழாயை அடைச்சுவிடும்

அன்பின் சாருஜாவுக்கு,

நீரும் பிள்ளையும் சுகமோ? நான் சுகம். போனிலை கதைச்சால் பக்கத்து வீட்டுப் பவளக்காவுக்கும் கேக்கும் எண்டுதான் கடிதமா எழுதி, ஊருக்கு வாற ஒராளிட்டைத் தந்துவிடுறன்.

இஞ்சை கட்டாரிலை மழைவெள்ளத்தை நிலத்துக்குள்ளை இறக்கிறதுக்குத் தொட்டி புதைக்கிறம். போன கிழமை மண் சரிஞ்சு முழங்கால்மட்டும் புதைஞ்சன். சிராய்ப்புத்தான், பயப்பிடாதையும். போன் கண்ணாடிதான் வெடிச்சுப்போச்சு. பிள்ளையின்ரை முகம் தெரியேல்லை, படம் ஒண்டு அச்சடிச்சு அனுப்பும்.

பிறகு எங்கடை வேலைத்தலப் பெரியவர் வந்து எல்லாத்தையும் கிளறச் சொன்னார். ரோட்டுத் தண்ணியை மணலுக்குள்ளாலை வடிச்சுத்தானாம் கீழை விடவேணும். நாங்கள் மணல் போடேல்லை. “இந்தத் தண்ணியை எங்கையோ ஆரோ குடிப்பினம்” எண்டு ஏசினார்.

அப்பதான் எனக்கு எங்கடை பின்வளவு நினைவுக்கு வந்தது. பவளக்கா வீட்டுக்குள்ளை வெள்ளம் ஏறாமல், ஒழுங்கைத் தண்ணியைக் குழாய் புதைச்சு எங்கடை பாழ்க்கிணத்துக்குள்ளை விட்டது நான்தானே. கக்கூசுக்குழியள் பொங்கின தண்ணியும் அதோடைதான் போனது. கீழை முழுக்க ஓட்டை விழுந்த சுண்ணாம்புக்கல்லு. அக்கா குடிக்கிற கிணறு அடுத்த வளவுதான். அந்த மாரியோடைதான் அவவின்ரை மோள் ஊத்தைத் தண்ணியாலை வாற நெருப்புக்காய்ச்சல் வந்து செத்தவள்.

அடுத்த மழைக்கு முதல் குழாய் வாயைச் சீமெந்து போட்டு அடையும். அக்காவை அந்தத் தண்ணியைக் குடிக்கவேண்டாமெண்டு சொல்லும். ஏனெண்டு கேட்டால் பேசாமல் இரும். நான் வந்து என்ரை வாயாலை சொல்லுறன்.

வேலைக்குப் பஸ் வந்திட்டுது. வெள்ளத்தை மறிச்சுத் தந்தனெண்டு அக்கா தந்துவிட்ட எள்ளுருண்டையை அறைப்பெடியள் கேக்கினம். நான் இன்னும் பொதியைப் பிரிக்கேல்லை.

கேதீசன்