நீ போன பிறகு வந்த சட்டம்

இன்று காலை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது உன் மணிக்கட்டுக்குப் போட்ட பட்டி கையில் அகப்பட்டது. மருந்து மணம் இன்னும் போகவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன கிழமை இங்கே ஜெர்மனியில் எங்கள் மாநிலப் பாராளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. சக மாணவரை அடிக்கிறவரை, மிரட்டுகிறவரை இனிப் பல்கலைக்கழகம் நீக்கலாமாம். இனி!

கழுத்தில் யூதர்களின் ஆறுமுனை நட்சத்திரச் சங்கிலி தெரிந்ததற்காக நம் வகுப்பில் படித்தவனே மாணவர் உணவகப் படியில் உன்னைத் தள்ளினான். காசாப் போருக்கு நீதான் பதில் சொல்லவேண்டுமாம். முறிந்த கையோடு முறையிடப் போன உன்னிடம் நிர்வாகம் மரியாதையாகக் கைவிரித்தது. அவனை நீக்கத் தங்களுக்குச் சட்டம் இல்லை, விரும்பினால் நீ இணையவழியில் படிக்கலாம் என்றார்கள். அவன் வகுப்பில் இருந்தான். நீ கொலோனில் எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்தாய்.

அம்மா உனக்குச் சோறு போட்டுவிட்டு, "சங்கிலியை உள்ளுக்கை விடு பிள்ளை. கொழும்பிலை கலவரத்துக்குள்ளை நாங்களும் பொட்டை அழிச்சுப்போட்டுத்தான் ஓடினனாங்கள்" என்றார். நான் ஜெர்மனில் சொல்லி முடிக்க, நீ அவர் நெற்றியைப் பார்த்துக் கேட்டாய்: "இப்போது ஏன் வைத்திருக்கிறீர்கள்?" அம்மா பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சட்ட வரைவு வந்தபோது பாராளுமன்றக் குழுவின் முன் பேசப் போனாய். "கை நீட்டியவரை நிறுத்துங்கள். கோஷம் போட்டவரை நாடு கடத்த என் பெயரை எடுக்காதீர்கள்" என்றாய். ஒரு பக்கத்தார் முதல் வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், மறுபக்கத்தார் இரண்டாவதை. உன்னை முழுதாகக் கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதற்குள் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. படிப்பையும் நீ முடிக்கவில்லை.

நான் இப்போது அதே பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறேன். நேற்றுக் கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லிச் சட்டத்தை வரவேற்றார்கள். இங்கே கைதட்டும் வழக்கம் இல்லையே, எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அன்று கைவிரித்தவர்களும் தட்டினார்கள், வெட்கம் கெட்டவர்கள். நான் கையை மடியில் வைத்தபடி இருந்தேன்.

வெளியே வந்தால் என் அறை வாசலில் ஒரு யூத மாணவி. தன்னை மிரட்டுகிறவன் என் வகுப்பில்தான் இருக்கிறான், இணையவழியில் சேரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். உன் கோபம் அப்படியே எனக்குள் எழும்பியது. முடியாது என்றேன். அவள் முகம் வாடியது.

"போகவேண்டியது நீங்கள் இல்லை" என்று சொல்லி, அவளை நானே நிர்வாகத்துக்குக் கூட்டிப்போனேன். அலுவலர் மரியாதையாகச் சிரித்து, யோசித்துப் பதில் சொல்வதாகச் சொன்னார். நான் இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டேன். பதில் வரும்வரை நாங்கள் எழும்பவில்லை.